உதயதாரகையும் நாவலரும்

தமிழ் உரைநடை வரலாற்றைக் கற்பிப்போர் ஆறுமுக நாவலரை (1822–1879) அதன் முதல்வர்களுள் ஒருவராகப் போற்றுவர். ஆயினும், அவர்தம் நடை எக்களத்திற் கூர்மையுற்றது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது விடுவர். அக்களங்களுள் ஒன்று, அவர் எதிர்த்து நின்ற சமயத்தாரின் செய்தி இதழேயாகும்.

1841ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை'யைத் தொடங்கினர். தமிழும் ஆங்கிலமும் தாங்கி, திங்களுக்கு இருமுறை வெளிவந்த அவ்விதழுக்கு ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் தமிழர் இருவர் ஆசிரியராயினர். செய்தியும் அறிவியலும் ஒருபுறமாக, சைவரின் திருவுருவ வழிபாட்டைக் கண்டிக்கும் கட்டுரைகள் மறுபுறம் வெளிவந்தன.

எனினும், மறுப்புக்கும் அவ்விதழ் இடந்தந்தது. இளைஞரான நாவலர் அதற்கு எழுதிய மடலில், பண்டை இஸ்ரவேலரின் ஆலயச் சடங்குகளை எடுத்துக்காட்டி, கோயில் வழிபாட்டைப் பழிப்போர் தம் மறைநூலையே மறந்தனர் என வாதிட்டார். வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற பயிற்சி அவருக்குப் பின்னர் இவ்வாதத்தில் மேலும் வலுவூட்டியது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிரசங்கம் பெரும்பாலும் உடன்படுவோரை நோக்கி எழுவது; குரலும் மெய்ப்பாடும் அதற்குத் துணைசெய்யும். இதழில் எழுதுவோனுக்கோ அத்துணை இல்லை. உடன்படாதவனும் அதனைப் படிப்பான்; அடுத்த இதழிலேயே விடையிறுப்பான். ஆகவே எதிரியின் கூற்றைத் திரிக்காது கூறல், சான்று காட்டல், ஐயத்திற்கிடமின்றி முடித்தல் ஆகிய மூன்றும் அங்கு இன்றியமையாதனவாயின. 1849இல் தமக்கென அச்சுக்கூடம் கண்டு, 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்ட நாவலரிடம் இப்பண்புகள் முதிர்ந்து விளங்குகின்றன.

இதனால் உதயதாரகையே நாவலரை ஆக்கிற்று எனல் பொருந்தாது. சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் ஆகியோரிடம் கற்ற மரபுக் கல்வியே அவர்தம் அடித்தளம். அக்கல்வியைப் பொதுமக்கள் அரங்கிற்கு ஈர்த்தது இதழ்ப்போர் எனலே சாலும். நாவலரை மட்டும் புகழ்ந்து இதழை மறப்பதும், இதழை மட்டும் புகழ்ந்து அது தொடுத்த தாக்குதலை மறைப்பதும் ஒருபாற் கோடலேயாம்.

யாழ்ப்பாணத்தார் வழிவந்தோர் கந்தசுவாமி கோயில் எழுப்பி வாழும் பிரிக்பீல்ட்ஸ் முதலிய இடங்களில், இவ்வரலாறு அயலாருடையதன்று. நாவலர் உரைநடையைக் கற்பிக்கும் ஆசிரியர், அது எவருக்கு விடையாக எழுந்தது என்பதையும் உடன் உணர்த்துவாராக. வினாவை மறைத்துவிட்டு விடையை மட்டும் கற்பித்தால், மாணவர் பெறுவது நடையின் ஓசையே, அதன் உயிரன்று.