பகைச்சரக்கும் பத்தியமும்: கொழுப்புக் குறைப்பு மருந்துகள் குறித்த தமிழ்ச் சொல்லாடல் – ஒரு மதிப்பீடு

ஒரு மருந்து தனித்து நின்று விளைவிக்கும் தீங்கு ‘பக்கவிளைவு’ எனப்படும். இரு மருந்துகள் உடலில் சேரும்போது ஒன்று மற்றொன்றின் அளவையோ செயலையோ மாற்றுவது ‘மருந்து இடைவினை’ ஆகும். தமிழ் மக்கள்நல எழுத்துகள் பலவும் இரண்டையும் பக்கவிளைவு என்னும் ஒரே சொல்லுள் அடக்குகின்றன. இம்மயக்கத்தின் விளைவை ஸ்டாட்டின் மருந்துகள் வழி அறியலாம்.

சிம்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைக் கிளாரித்ரோமைசின் தடுக்கிறது. அதனால் இரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் பெருகித் தசை சிதையலாம். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் இதற்கு மாறாக அந்நொதியைத் தூண்டி, மருந்தின் பயனைக் குறைக்கிறது. செரிவாஸ்டாட்டின் 2001இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதற்குக் காரணமான தசைச்சிதைவு, ஜெம்ஃபைப்ரோசிலுடன் சேர்த்து உட்கொண்டோரிடம் மிகுதியாகக் காணப்பட்டது.

விருதுநகர் மாவட்டத்தில் இச்சொற்குறை வாழ்வியல் சிக்கலாகிறது. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுசேர்க்கிறது. அதே வீட்டினர் காய்ச்சலுக்கு வேறு கடையில் வேறு மருந்து வாங்கக்கூடும். நாள் முழுதும் அமர்ந்து பட்டாசுக்கு மருந்து செலுத்தும் தொழிலாளிக்குத் தசைவலி புதிதன்று. ஆதலின் ஸ்டாட்டினால் எழும் வலியும் உழைப்பின் வலியாகவே கொள்ளப்பட்டு, சிறுநீர் கருமையுறும் வரை கவனிக்கப்படாது போகலாம். பல மாநிலங்களுக்கு அட்டையும் நாட்காட்டியும் அச்சிட்டுத் தரும் சிவகாசியில், மாத்திரை உறையின் எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்பது முரண்.

இதற்கான கருத்து தமிழுக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் சரக்குகளைச் சத்துரு, மித்துரு எனப் பகுத்துள்ளது. ‘பகைமருந்து’ என்றால் கல்லாதவரும் உணர்வர். எனினும் அச்சொல் மட்டும் போதாது. அம்லோடிபினுடன் சிம்வாஸ்டாட்டினை நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் கொடுக்கலாம். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில முறி மருந்தை ரோசுவாஸ்டாட்டினுக்கு 2 மணி நேரம் கழித்து உட்கொள்ளலாம். இவை பகையல்ல, அளவும் காலமும் பற்றிய ஒழுங்குகள். இவற்றுக்குப் ‘பத்தியம்’ என்னும் சொல்லே பொருந்தும். பகை என்ற ஒற்றைச் சொல்லால் அச்சுறுத்தினால், நோயாளி மாரடைப்பைத் தடுக்கும் மருந்தையே கைவிடுவார். எனவே விலக்க வேண்டியதைப் பகை என்றும், வரையறுக்க வேண்டியதைப் பத்தியம் என்றும் பிரித்து எழுதுவதே மக்கள்நலத் தமிழுக்கு உடனடித் தேவையாகும்.