முதலில் தாள், அப்புறம் வண்ணம்

வாட்டர் கலர் பழக ஆசைப்பட்டுக் கடைக்குப் போகிறவர்களின் கை முதலில் நீள்வது 24 நிறங்கள் கொண்ட டப்பாவை நோக்கித்தான். அடுத்து ஒரு பிரஷ் கட்டு. தாளுக்கு மிச்சக் காசு. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் வாதம். பணத்தில் பெரும்பங்கு தாளுக்குப் போகட்டும். மீதியில் நான்கைந்து நிறங்களும் நல்ல பிரஷ் ஒன்றும் போதும்.

காரணம் அந்த வண்ணத்தின் இயல்பிலேயே இருக்கிறது. நிறமித் தூளை அரபிக் கோந்தில் குழைத்ததுதான் வாட்டர் கலர். தண்ணீரில் கரைத்துப் பூசினால் ஒளி புகும் மெல்லிய படலமாகப் படிகிறது. வெளிச்சம் அதைக் கடந்து, தாளின் வெண்மையில் பட்டுத் திரும்பி நம் கண்ணை அடைகிறது. எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையைப் பூசிக்கொள்ளலாம். இங்கே தாள்தான் வெள்ளை. ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும், எப்படிப் பரவும், காய்ந்த நிறத்தை மறுபடி நனைத்து ஒற்றியெடுக்க முடியுமா என்பதையெல்லாம் முடிவு செய்வதில் தாளின் நாருக்கும் அதில் ஏற்றிய பசைக்கும் பெரும் பங்கு உண்டு. 70, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) ஏ4 தாள் தண்ணீர் பட்டதும் நெளியும். பள்ளங்களில் வண்ணம் தேங்கித் திட்டுத் திட்டாகும். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் நாலைந்து பூச்சுகளைத் தாங்கும். கோல்டு பிரஸ் என்று விற்கும் சொரசொரப்பான வகையில் அல்ட்ராமரின் நீலத்தைத் தண்ணீராகப் பூசிக் காயவிட்டுப் பாருங்கள்: அதன் துகள்கள் தாளின் குழிகளில் இறங்கி மணல் மணலாகப் படிந்திருக்கும். வாட்டர் கலரை ரசிக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. மட்டமான தாளில் இது கிடைக்காது. அங்கே பழகுபவர், தாளின் குறையைத் தன் கையின் குறையென்று எண்ணி விட்டுவிடுவார். அதுதான் என்னைக் கவலைப்பட வைப்பது.

பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையால் செய்யும் தாள் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ஆலையும் அப்படிச் செய்வதுதான். ஆனால் கையால் செய்தது எல்லாமே ஓவியத்துக்கு ஆகாது. மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் பசை போதவில்லை.

‘பழகும்போதே விலை கூடிய தாளா? கெட்டுவிடுமோ என்ற பயத்தில் கை ஓடாதே’ என்று கேட்கலாம். பயம் நியாயமானது, அதற்கு மருந்து தாளைச் சிறிதாக்குவது. 22க்கு 30 அங்குல முழுத் தாளை எட்டாக வெட்டினால் ஏறக்குறைய ஏ4 அளவில் எட்டுத் துண்டுகள், பின்பக்கத்திலும் பழகலாம். பென்சில் பயிற்சிக்கு எந்த நோட்டும் போதும்.

நிறங்கள் குறைந்தால் மகிழ்ச்சி குறையாதா என்பது அடுத்த கேள்வி. கூடும் என்பேன். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பும் சேர்ந்தால் மழைமேகச் சாம்பல் முதல் கிட்டத்தட்டக் கறுப்பு வரை வரும். லெமன் மஞ்சளோடு அல்ட்ராமரின் சேர்ந்தால் மங்கிய இலைப்பச்சை. தாலோ நீலம் சேர்ந்தால் பளீரென்ற இளம்பயிர்ப் பச்சை. ஒரு சிவப்பையும் சேர்த்தால் ஐந்து. டப்பாவில் எட்டுப் பச்சை இருந்தால் இதையெல்லாம் தேடிப் பார்க்கத் தோன்றாது. ட்யூபின் பின்னால் அச்சிட்டிருக்கும் நிறமி எண்ணைப் படியுங்கள். ஒரே நிறமி உள்ளதைக் கலந்தால் நிறம் எளிதில் கலங்காது. வெயிலில் வெளிறுமா என்பதையும் பாருங்கள். பல வாட்டர் கலர்கள் வெளிச்சத்தில் மங்குவதை இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் 1888 அறிக்கையிலேயே சோதித்துக் காட்டினார்கள். இன்றும் விற்கும் அசல் அலிசரின் கிரிம்சன் அப்படி மங்குவதுதான். சிவப்புக்கு குவினாக்ரிடோன் ரோஸ் வாங்குவது நல்லது.

பிரஷ்ஷில் 8 அல்லது 10ஆம் எண் ரவுண்டு ஒன்று போதும். நனைத்து ஒரு உதறு உதறினால் முனை கூர்மையாகச் சேர வேண்டும். கீரி முடி பிரஷ்ஷை எவ்வளவு புகழ்ந்து நீட்டினாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வணிகம் குற்றம், அதற்காகக் கீரிகள் கொல்லப்படுகின்றன. செயற்கை இழை பிரஷ்ஷே நன்றாக வேலை செய்கிறது. வண்ணம் குழைக்க வீட்டிலிருக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புது பிளாஸ்டிக் பேலட்டில் தண்ணீர் முத்து முத்தாக ஒதுங்கி, கலந்த நிறம் சரியாகத் தெரியாது.