கண்ணகி அல்ல, கணிகண்ணன்

கிரேக்கத் துன்பியலைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலருக்கு ஒரு வசதியான ஒப்பீடு கைவசம் இருக்கிறது: கண்ணகிதான் நம் ஆன்டிகனி. மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் கி.மு. 441 அளவில் அரங்கேறிய சோபோக்ளிஸின் நாடகத்தில் ஆன்டிகனி மன்னன் கிரியோனிடம் நீதி கேட்டுப் போகவில்லை. உடன்பிறந்தவனைப் புதைக்கக்கூடாது என்னும் ஆணை தன்னைக் கட்டுப்படுத்தாது என்கிறாள். கண்ணகியோ வாயிலோன் வழியே சொல்லியனுப்பி, அவையேறி, சிலம்பை உடைத்து வழக்கில் வெல்கிறாள். பாண்டியன் தன் பிழையை ஏற்று உயிர்விடுகிறான். இருவர் அறமும் ஒன்றே, தவறியது தீர்ப்பு. மதுரை எரிவது அதற்குப் பிறகுதான். சங்கப் புலவர்களும் இந்த வழியினரே. மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடவிருந்த கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் தடுத்தார். அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறையைப் பிசிராந்தையார் எடுத்துச் சொன்னார். அரசன் கேட்பான் என்று நம்பிய துணிச்சல் அது.

அந்த நம்பிக்கையை உதறியது பக்தி இலக்கியம். அதன் மகத்தான இரு சாட்சிகளும் பூவிருந்தவல்லியைச் சுற்றியே இருக்கின்றன. குன்றத்தூர்ச் சேக்கிழார் சோழ அவையில் அமைச்சர். ஆனாலும் பல்லவன் அழைப்பை மறுத்து, நீற்றறையும் நஞ்சும் யானையும் கடலும் கண்ட திருநாவுக்கரசரை 12ஆம் நூற்றாண்டில் ஒரு தயக்கமும் இல்லாமல் பாடினார். அரசுப் பொறுப்பில் இருந்தவரின் கை எழுதியது என்பதாலேயே அந்தப் பாடல்களுக்கு எடை கூடுகிறது. அதனினும் கூர்மையானது திருமழிசையாழ்வார் வரலாறு. தன்னைப் பாடச் சொன்ன பல்லவனுக்கு ஆழ்வாரின் சீடன் கணிகண்ணன் மறுப்புச் சொல்கிறான், நாடுகடத்தப்படுகிறான். ஆழ்வாரும் கிளம்புகிறார், அவர் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே போகிறார். கோயில் வெறுமையாகிறது, காஞ்சி ஒளியிழக்கிறது. ஆன்டிகனி நாடகத்தில், தேபஸ் நகரின் தீர்க்கதரிசி டைரீசியஸ் கிரியோனிடம் சொல்வதும் இதைத்தான்: பலிபீடங்கள் தீட்டுப்பட்டன, தேவர்கள் வேள்வியை ஏற்கவில்லை. மனசாட்சியைத் துரத்திய அரசில் தெய்வம் தங்காது என்பதை இரு மரபுகளும் கண்டிருக்கின்றன.

பல்லவன் மன்னிப்புக் கேட்க, எல்லோரும் ஓரிக்கையில் ஓர் இரவு தங்கித் திரும்பிவிடுகிறார்களே, இதில் துன்பியல் எங்கே என்று கேட்கலாம். கி.மு. 458இல் எஸ்கிலஸ் தன் முத்தொடரை இணக்கத்தில் முடித்தார். கி.மு. 409இல் வந்த சோபோக்ளிஸின் பிலாக்டிட்டீஸில், படையின் தேவையைக் காட்டி ஒடிசியஸ் ஏவிய வஞ்சகத்தை இளைஞன் நியாப்டாலமஸ் உதறுகிறான். அங்கும் பிணம் விழவில்லை. துன்பியலை உண்டாக்குவது மோதல். சாவு அதன் ஒரு முடிவு மட்டுமே. கிரியோன் காலந்தாழ்த்தி உணர்ந்தான், பல்லவன் நேரத்தோடு உணர்ந்தான். பக்தன் ஓர் அரசனை விட்டு இன்னொரு பேரரசனுக்கு அடிமையானான், அவ்வளவே என்பது வலுவான மறுப்பு. ஆனால் ஆன்டிகனியும் எழுதப்படாத தெய்வச் சட்டத்தின் மேல் நின்றுதான் மறுத்தாள். அவளிடம் விடுதலை என்று கொண்டாடுவதைக் கணிகண்ணனிடம் அடிமைத்தனம் என்பது நேர்மையான விமர்சனம் ஆகாது. மேலும் இந்த இறைவன் ஏவுபவன் அல்லன், ஆழ்வார் சொன்னபடி எழுந்து நடந்தவன்; சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்றே காஞ்சியில் அவனுக்குப் பெயர்.

ஆன்டிகனியைத் தமிழில் மேடையேற்ற நினைக்கும் நாடகக் குழுக்கள் அவளுக்குத் துணையாகக் கண்ணகியைத் தேட வேண்டாம். கணிகண்ணனை மேடையேற்றுங்கள்.