கடை வைத்தவன் கதை

தமிழில் ‘நாணயம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கல்லாப் பெட்டியில் விழுகிற காசுக்கும் அதுதான் பெயர். சொன்ன தேதியில் சொன்ன தொகையைக் கொண்டுவந்து வைக்கிறவனுடைய குணத்துக்கும் அதுதான் பெயர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் வியாபாரம் தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்ஸாக்குக்குத் தமிழ் தெரிந்திருந்தால், 1837-ன் கடைசியில் வெளிவந்த தம் நாவலுக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் வைத்த தலைப்பு நீளமானது. ‘ஸெஸார் பிரோட்டோவின் உயர்வும் வீழ்ச்சியும்’ என்று சுருக்கிச் சொல்லலாம். நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். பால்ஸாக் என்றதும் எல்லோரும் ‘கோரியோக் கிழவ’னைத்தான் சொல்வார்கள். சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று எவனாவது சொன்னால், நான் பிரோட்டோவைத்தான் படிக்கச் சொல்கிறேன்.

கதை சிக்கலானதல்ல. பதினாலு வயதில் கையில் ஒரே ஒரு பொற்காசுடன் பாரிஸுக்கு வந்த குடியானவப் பையன் ஸெஸார். வாசனைத் தைலக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, அந்தக் கடைக்கே சொந்தக்காரனாகிறான். முகத்துக்குப் பூச ஒரு பசை, ஒரு திராவகம்: இரண்டும் நன்றாக விற்கின்றன. நாற்பது வயதில் ஊரில் மரியாதை, அரசாங்கப் பதக்கம், அழகான மனைவி, ஒரே பெண். அங்கேயே நின்றிருக்கலாம். மதலேன் கோயிலைச் சுற்றியுள்ள காலி மனைகள் விலை ஏறப்போகின்றன என்று ஒரு நோட்டரி சொல்கிறார். ஸெஸார் கையிருப்பைக் கொடுக்கிறான். போதாததற்குப் புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறான். பதக்கம் கிடைத்ததைக் கொண்டாட வீட்டை இடித்துக் கட்டி ஒரு பெரிய விருந்தும் நடத்துகிறான். நோட்டரி பணத்துடன் ஓடிப்போகிறார். பிறகு நடப்பதை யூகித்துக்கொள்ளலாம்.

யூகிக்க முடியாத ஒன்று நாவலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஸெஸாரின் மனைவி கான்ஸ்டான்ஸ் நடுராத்திரியில் திடுக்கிட்டு விழிக்கிறாள். கனவில் அவள் இரண்டு பேராக இருந்தாள். ஒருத்தி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி கந்தலுடன் அதே கடை வாசலில் நின்று பிச்சை கேட்கிறாள். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் புருஷனைக் காணோம். அவன் அடுத்த அறையில் விருந்துக்காக எந்தச் சுவரை இடிக்கலாம் என்று அளந்துகொண்டிருக்கிறான். வியாபாரியின் வீட்டில் பயம் ஒருவரிடமும் ஆசை ஒருவரிடமுமாகப் பிரிந்து கிடக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. புருஷன் தன் ஆசையை அறிவு என்று நினைத்துக்கொள்கிறான். பெண்டாட்டியின் அறிவு அவனுக்குப் பயமாகப் படுகிறது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு பேரில் வியாபாரம் அதிகம் தெரிந்தவள் அவளாகத்தான் இருப்பாள்.

நாவலின் உயிர் நடுப்பகுதியில் இருக்கிறது. பணத்துக்காக ஸெஸார் பாங்கிக்காரர்களின் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறான். ஒருவர் சிரித்துப் பேசி இன்னொருவரிடம் அனுப்புகிறார். அவர் மூன்றாமவரிடம் அனுப்புகிறார். எவரும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. இந்த அலைச்சலுக்குப் பின்னால் இருந்து கயிறு இழுக்கிறவன் தியூ தில்லே. ஒரு காலத்தில் ஸெஸார் கடைச் சிப்பந்தி. அவன் திருடியதைக் கண்டுபிடித்தும், வெளியே சொல்லாமல் மன்னித்துவிட்டவன் ஸெஸார். அந்த மன்னிப்பைத்தான் தியூ தில்லேயால் மன்னிக்க முடியவில்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போது என் கையே சில்லிட்டது. கடன் கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும்: பணம் இல்லாதது வெட்கமல்ல, பணம் இல்லை என்று எதிரில் இருப்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான் வெட்கம்.

நம் ஊர்ப் பேச்சில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். பால்ஸாக் முடிக்கவில்லை. கதையை நிறுத்திவைத்துவிட்டுத் திவால் சட்டம் எப்படி நடக்கிறது, கடன்காரர்கள் எப்படிக் கூடுகிறார்கள், யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார். அதற்குப் பிறகு ஸெஸார் குடும்பமே சம்பளத்துக்குப் போகிறது: அவன் ஒரு ஆபீஸில், மனைவி வேறொருவர் கடையில் கணக்கெழுத, மகளும் ஒரு கடையில். மூன்று பேருடைய சம்பளமும் கடன்காரர்களுக்காகச் சேர்கிறது. சட்டப்படி அவன் முழுக் கடனையும் தீர்க்கவேண்டியதில்லை. கடன்காரர்கள் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு அவனை விட்டுவிட்டார்கள். ஆனால் பெயர் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் அசலும் வட்டியும் பைசா பாக்கியில்லாமல் கட்டியாக வேண்டும். அதுவரை பங்கு மார்க்கெட் கட்டடத்தின் படியில்கூட அவன் கால் வைக்க முடியாது.

இந்த நாளில் அப்படியில்லை என்பார்கள். லிமிடெட் கம்பெனி என்று பதிவு செய்துகொண்டால் சொந்தச் சொத்துக்குச் சேதமில்லை என்று சட்டம் சொல்கிறது. வாஸ்தவம். ஆனால் அதே கம்பெனிக்குக் கடன் கேட்டுப் போனால் பாங்கிக்காரர் இன்னொரு காகிதத்தை நீட்டுவார். அதற்குச் சொந்த ஜாமீன் என்று பெயர். மாமனார் வீட்டுப் பத்திரமும் சில சமயம் கூடவே போகும்.

பால்ஸாக் இதையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளவில்லை. 1825-ல், தம் இருபத்தாறாவது வயதில், அவர் புத்தகப் பிரசுரத்தில் இறங்கினார். மோலியேருடைய நாடகங்களையும் லா ஃபோந்தேனின் கதைகளையும் ஒவ்வொன்றையும் ஒரே தொகுதியாகப் போட்டார். விற்கவில்லை. அடுத்த வருஷம் ஓர் அச்சாபீஸை வாங்கினார். அதற்கடுத்த வருஷம் அச்செழுத்து வார்க்கும் பட்டறை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். ஒரு நஷ்டத்தை ஈடுகட்ட அதைவிடப் பெரிய முதலீடு! 1828-ல் எல்லாம் முடிந்தது. சுமார் அறுபதாயிரம் பிராங்கு கடன். அதில் பெரும்பகுதி பெற்ற தாயாருக்குக் கொடுக்கவேண்டியது. வாழ்நாள் முழுக்க அவர் கடனுக்காகவே எழுதினார், எழுதிக்கொண்டே மேலும் கடன் வாங்கினார். ஸெஸார் நாவலில் பைசா சுத்தமாகத் தீர்க்கிறானே, அந்தக் கடன் தீர்ந்த நாளை அவனைப் படைத்தவர் அப்படிப் பார்க்கவே இல்லை.

இங்கேதான் எனக்கு நாவலின்மேல் ஒரு குறை. ஒரு மந்தமான கடைக்காரனிடம் வாசகருக்கு என்ன அக்கறை இருக்கும் என்று ஆறு வருஷம் இந்தக் கதையை எழுதாமல் வைத்திருந்ததாகப் பால்ஸாக்கே பின்னால் ஒரு கடிதத்தில் சொல்கிறார். பிறகு அவனை நேர்மையின் திருவுருவமாக்கினால் நாவலாகும் என்று கண்டுபிடித்தாராம். கண்டுபிடித்தது நல்லதுதான். ஆனால் நேர்மைக்கு விலையாக மூளையைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார். ஸெஸாருக்குப் பேசத் தெரியாது, மனிதர்களை எடைபோடத் தெரியாது. கேலி செய்யாமல் அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுத ஆசிரியராலும் முடியவில்லை. அவன் அசடு, அதனால் விழுந்தான் என்று நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடலாம். பால்ஸாக் அசடா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவரைவிட மனிதர்களைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? அவரும்தான் மூன்றே வருஷத்தில் விழுந்தார். தாம் விழுந்ததை எழுத வந்தவர், தம்மைவிட அறிவு குறைந்த ஒருவனை விழவைத்துக் காட்டினார். அறிவுள்ளவன், மனைவி சொல்லைக் கேட்கிறவன், கணக்கு ஒழுங்காக வைத்திருக்கிறவன், அவனும் விழுகிறானே, அந்தக் கதை இன்னும் கஷ்டமானது.

அந்த எழுத்துப் பட்டறை என்னவாயிற்று தெரியுமா? பால்ஸாக்குக்குப் பணம் உதவிய மதாம் தெ பெர்னியின் மகன் அலெக்ஸாந்தர் அதை எடுத்துக்கொண்டான். இருபது வயது நிரம்பாத பையன். அவன் கையில் அது பிழைத்தது, வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் தெபெர்னி - பெஞோ என்ற பெயரில் பிரான்ஸின் புகழ்பெற்ற எழுத்துப் பட்டறைகளில் ஒன்றாக இருந்தது. அதே தொழில், அதே ஊர். முதலில் வந்தவருக்குக் கடன், பின்னால் வந்தவனுக்குத் தொழில். இன்று பத்திரிகைகளில் தொழிலதிபர்களின் பேட்டிகள் வாரம் தவறாமல் வருகின்றன. எல்லாம் அலெக்ஸாந்தர்களின் பேட்டிகள். வென்றவர் சொல்லும் காரணங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அதே காரணங்களை வைத்துக்கொண்டு தோற்றவரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்கிறேன்.

இத்தனை ஆபத்து இருந்தும் மனிதர்கள் ஏன் கடை வைக்கிறார்கள்? நம் சிறுகதைகளில் பெரும்பாலும் இதற்குப் பதில் கிடையாது. முதலாளி வந்தால் வில்லனாக வருவார், இல்லாவிட்டால் நொடித்துப்போன பெரியவராகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றாம் தேதிச் சம்பளக்காரர்கள், வேறென்ன செய்வார்கள்? பால்ஸாக்குக்குப் பதில் தெரிந்திருக்கிறது. ஸெஸாரின் சிப்பந்தி போபினோ, காலைச் சாய்த்து நடக்கும் ஓர் ஏழைப் பையன், தலைமயிர்த் தைலம் ஒன்றைத் தயாரித்து விற்க ஆரம்பிக்கிறான். எந்தத் தைலமும் மயிரை முளைக்கவைக்காது என்று பெரிய ரசாயன சாஸ்திரி வோக்லன் முன்னதாகவே சொல்லிவிட்டார். அதனால் என்ன? இருக்கிற மயிரைக் காக்கும் என்று விளம்பரம் போடுகிறார்கள்! (நம் தைல விளம்பரங்களை எழுதுகிறவர்கள் பால்ஸாக்கைப் படித்திருப்பார்களோ என்று சந்தேகம் வருகிறது.) பெயர் யோசிப்பதும், புட்டி தேடுவதும், விளம்பர நோட்டீஸ் எழுதுவதுமாக அந்தப் பையன் பித்துப் பிடித்தவன்போல் அலைகிறான். அந்தப் பக்கங்களில் லாபக் கணக்கைவிடச் சந்தோஷம்தான் அதிகம். நேற்றுவரை இல்லாத ஒரு பொருள், இன்று முன்பின் தெரியாத எவனோ ஒருவன் கையில் இருக்கிறது. புத்தகம் எழுதுகிறவனுக்கு இந்த ருசி தெரியும்.

தெரிந்ததனால்தானோ என்னவோ, எழுத்தாளர்களே இந்த நெருப்பில் திரும்பத் திரும்பக் கை வைத்திருக்கிறார்கள். ஸர் வால்டர் ஸ்காட் அச்சாபீஸ் கூட்டு நொடித்து, 1826-ல் லட்சம் பவுனுக்கு மேல் கடனாளியானார். திவால் கொடுக்க மறுத்து, 1832-ல் சாகும்வரை எழுதியே அடைத்தார். நம் புதுமைப்பித்தன் சொந்தப் படக் கம்பெனி ஆரம்பித்து, கைப்பொருளும் உடம்பும் போய் 1948-ல் மறைந்தார். சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ ஆரம்பித்து 119 இதழ்கள் நடத்தினார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். கோவலன் மதுரைக்குப் போனது இரண்டாம் தடவையாக வியாபாரம் தொடங்க. கண்ணகியின் சிலம்பு அதற்கு முதல். மனைவியின் நகையை முதலாக வைப்பது எத்தனை பழைய பழக்கம், பாருங்கள்.

பிரோட்டோவின் முடிவை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அதுவும் என் வழக்கில் சேர்ந்தது. கடைசிக் கடனும் தீர்ந்து, நீதிமன்றம் பெயரைத் திருப்பிக் கொடுத்து, ஸெஸார் பழைய வீட்டுக்குள் நுழைகிறான். அதே விருந்து, அதே சங்கீதம். சந்தோஷம் தாங்காமல் இறந்துபோகிறான். அழகாகத்தான் எழுதியிருக்கிறார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலை அவன் கடையைத் திறந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று காட்ட பால்ஸாக்குக்கு மனம் வரவில்லை. பெயர் திரும்பிவிட்டது, கடன் கொடுக்க ஊர் தயார், மனைகளின் விலையோ ஏறிக்கொண்டே இருக்கிறது. மறுபடி கையெழுத்துப் போட்டிருப்பானா? போட்டிருப்பான் என்றுதான் நான் நினைக்கிறேன். கான்ஸ்டான்ஸும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திவால் சட்டத்தைப் பற்றிய அந்த நீண்ட அத்தியாயம் வறண்டிருக்கிறது என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். பால்ஸாக் கேலியை விட்டுவிட்டுக் கோபத்தோடு எழுதிய பக்கங்கள் அவைதான்.