இரண்டு கற்றைக் கூந்தல்

வீட்டைச் சுற்றி எதிரிகள். வில்லின் நாண் அறுந்துவிட்டது. புது நாண் முறுக்க மனைவி ஹால்கெர்டிடம் இரண்டு கற்றைக் கூந்தல் கேட்கிறான் குன்னர். முன்பு அவன் கன்னத்தில் அறைந்ததை நினைவூட்டி அவள் மறுக்கிறாள். அவன் மறுமுறை கேட்கவில்லை, போரிட்டு மடிகிறான்.

13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ‘ந்யால் சாகா’ என்ற உரைநடைக் கதையின் காட்சி இது. அவள் நெஞ்சில் ஓடியதைக் கதைசொல்லி விவரிப்பதே இல்லை. செய்ததும் சொன்னதும் மட்டுமே நம் முன்னால். வஞ்சமா, ஆறாத வலியா? வாசகர்தான் உணர வேண்டும். சாகாவின் பேரழகு இந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

எழுதியவர் பெயர் தெரியாது.

கன்றுத்தோல் ஏடுகளில் பிழைத்த சாகாக் கதைகளை, அந்நாளில் நீண்ட குளிர்கால இரவுகளில் பண்ணை வீடுகளில் ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கம்பளி நூற்றபடியே கேட்பார்கள். ஆர்னி மாக்னுசன் என்ற அறிஞர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோன சுவடிகளில் பெரும்பகுதி, 1971-இல் தொடங்கி ஐஸ்லாந்துக்கே திரும்பி வந்தது.

மரபும் நிற்கவில்லை. 1955-இல் நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்ஸ்னஸ், தன் ‘கெர்ப்லா’ நாவலில் சாகாவின் நடையையே கையிலெடுத்து, அது போற்றிய வீரத்தைக் கேள்வி கேட்டார்.