கூடப் போகிறவள்

தமிழில் 'ஊர்சுற்றி' என்ற சொல்லுக்குப் பால் உண்டு. ஆணைச் சொன்னால் செல்லக் கண்டிப்பு. அவனுக்கு நரை விழுந்தபின் அதுவே பெருமையாகிவிடும். பெண்ணைச் சொன்னால் வசவு. ஏ.கே. செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதினார், எம்.ஜி.ஆர். 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' ஆனார். அந்தத் தலைப்புகளில் தமிழனையும் வாலிபனையும் எடுத்துவிட்டு ஒரு பெண்ணை வைத்துப் பாருங்கள். தெருச் சண்டையில் காதில் விழுந்த வாக்கியம் போல ஒலிக்கும்.

இந்த வசவிலிருந்து பெண்ணுக்கு விலக்களிக்க நம் வீடுகளிடம் இருக்கும் ஒரே ஏற்பாடு திருமணம். சின்னமனூர்ப் பக்கத்து மாணவிகள் கல்லூரிச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டால் கிடைக்கிற பதில் எனக்கு மனப்பாடம்: "இப்ப என்னடி அவசரம்? கல்யாணம் ஆகட்டும், ஒன் வீட்டுக்காரரோட எங்க வேணாப் போய்க்க." மேகமலைச் சாலை எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது. அந்த மலைக்குக்கூட வருங்காலக் கணவனுக்காகக் காத்திருக்கச் சொல்லப்பட்ட பெண்களை நான் அறிவேன். ஆகவே கணவனும் மனைவியும் நாடு நாடாகச் சுற்றிய கதை ஒன்று நெகிழ்ச்சியோடு பகிரப்படும்போது, அதை அன்பின் கதையாக மட்டும் என்னால் வாசிக்க முடிவதில்லை. அது ஓர் அனுமதிச் சீட்டும்கூட.

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு சிறு நூற்பா உண்டு. கடல்கடந்து போகும் செலவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்று அதற்குப் பொருள் கொள்வது வழக்கம். முந்நீர் என்பது கடலன்று, ஓதல், தூது, பொருள் ஆகிய மூன்று தன்மைப்பட்ட செலவு என்று நச்சினார்க்கினியர் வேறு வழி பார்த்தார். அந்த வழியில் போனாலும் பெண்ணுக்கு ஆவதொன்றுமில்லை. கடல் மட்டுமிருந்த இடத்தில் கல்வியும் அரசுப் பணியும் சம்பாத்தியமும் சேர்ந்து மூடிக்கொள்கின்றன. உடன்போக்கில் மட்டும் அவள் பாலை வழி நடக்கலாம். அதுவும் அவன் பின்னால்.

பிற்காலத்தில் விதி தலைகீழானது. பெண்ணோடு போகாதே என்பது, ஆணின்றிப் போகாதே என்று மாறியது. நாற்பத்தைந்து வயது கடந்த முஸ்லிம் பெண்கள் நான்கு பேராவது சேர்ந்து, ஆண் துணையில்லாமல் இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகலாம் என்ற ஏற்பாடு 2018இல்தான் வந்தது. இரண்டு விதிக்கும் நடுவே எத்தனை நூற்றாண்டு! இரண்டிலும் பயணி ஆண்தான். பெண் அவனுடைய உடைமைப் பட்டியலில் இருக்கிறாள் அல்லது இல்லை.

இங்கிருந்து மலை தாண்டினால் எர்ணாகுளம். அங்கே காந்தி நகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறு கடையை நடத்திய கே.ஆர். விஜயனும் மோகனாவும் இந்திய நடுத்தர வர்க்கத்தின் மனத்தைக் கொள்ளைகொண்ட தம்பதி. தினமும் முந்நூறு ரூபாய் ஒதுக்குவார்கள். போதாததற்குக் கடன் வாங்கிக் கிளம்புவார்கள். திரும்பி வந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்தக் கடனை அடைப்பார்கள், பிறகு அடுத்த நாடு. இப்படி இருபத்தைந்து நாடுகளுக்குமேல் பார்த்தார்கள். ஹரி எம். மோகனன் அவர்களைப் பற்றி 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற குறும்படம் எடுத்தார். 2019இல் ஆனந்த் மஹிந்திரா அவர்களைப் புகழ்ந்து எழுதியபின் நாடெங்கும் தெரிந்தது. 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் மாரடைப்பில் இறந்தார்.

நல்ல கதைதான். ஏழைக்கு உலகம் எதற்கு என்ற கேள்வியை இத்தனை அமைதியாகக் கேலி செய்தவர்கள் குறைவு. ஆனால் கதை சொல்லப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். கனவு விஜயனுடையது, சிறு வயதிலிருந்தே அவருக்கிருந்தது. விடாமுயற்சி விஜயனுடையது. மோகனா? கூடப் போனவர். அவருக்கு எந்த நாடு பிடித்தது, எதைப் பார்த்துப் பயந்தார், கடனைப் பற்றி இரவில் என்ன நினைத்தார் என்பதற்கெல்லாம் இந்தக் கதையில் இடம் சொற்பம். தினம் முந்நூறு என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். இருவர் உழைப்பில் ஓடிய கடையில் அதில் பாதி மோகனாவின் சம்பாத்தியம். தன் டிக்கெட்டைத் தானே வாங்கிய பெண்ணை, கணவன் உலகம் காட்டிய அதிர்ஷ்டசாலியாக மாற்றுவதற்கு ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுவாயை மட்டும் பார்த்துப் போட்டால் போதும்.

அவர்கள் முதுகுப்பை மாட்டிக்கொண்டு வழி கேட்டுக் கேட்டுப் போனவர்கள் அல்ல; சுற்றுலா நிறுவனங்களோடு போனார்கள். இதைச் சொன்னால் உதட்டைப் பிதுக்கும் பயண எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். விடுதியில் தானே சமைத்து, கிடைத்த வண்டியில் ஏறி, வழி தொலைந்து போவதே உண்மையான பயணமாம். எனக்கு இதில் சிரிப்பு வரும். ஆயுள் முழுக்க அடுப்படியில் நின்றவளுக்கு, யாரோ சமைத்துவைத்த காலை உணவின் முன் கைகழுவி உட்காருவதே வேறு தேசம். வழி தொலைவதை ருசிக்க, தொலைந்த இடத்தில் ஆபத்தில்லாத உடம்பு வேண்டும்.

ராகுல் சாங்கிருத்தியாயன் இந்த உடம்பைப் பற்றி யோசித்தவர். தமிழில் 'ஊர்சுற்றிப் புராணம்' என்று வந்த அவருடைய நூலில் பெண் ஊர்சுற்றிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1940களின் இறுதியில் ஓர் ஆண் அப்படி எழுதியதை மதிக்கிறேன். ஊர்சுற்றிக்குத் திருமணம் கால்விலங்கு என்பது அவர் கட்சி. ஆனால் சிறுவயதில் கட்டிவைக்கப்பட்ட மனைவியை அவர் விட்டுப் போனார். பின்னாளில் ரஷ்யாவில் லோலாவையும் மகன் ஈகோரையும் விட்டுத் திரும்பினார். விலங்கைக் கழற்றிய பிறகு அதன் மறுமுனை யார் காலில் கிடந்தது என்று அந்த நூலிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

கேமராவின் காலத்தில் வேறொரு வடிவம் வந்தது. முராத் ஓஸ்மான் என்ற ரஷ்யப் புகைப்படக்காரர் 2011இல் பார்சிலோனாவில் தொடங்கிய வரிசையை என் மாணவிகளும் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் அவருடைய துணைவி நத்தாலி முன்னால் நடந்து அவர் கையைப் பிடித்து இழுக்கிறார். நமக்குத் தெரிவது அவள் முதுகு. பெண்தான் வழி காட்டுகிறாள் என்று மகிழலாம். ஆனாலும் அவள் பார்ப்பது நமக்குத் தெரியாது. அவளைப் பார்க்கிறவன் பார்ப்பது மட்டுமே தெரியும். இப்போது தமிழில் பெருகியிருக்கும் தம்பதிப் பயணக் காணொளிகளில் பெரும்பாலானவை இதன் நகல்கள்தாம். அவன் விசா, செலவு, வழி சொல்வான். அவள் உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்பாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் தினமும் எல்லை கடக்கும் பெண்கள் உண்டு. விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளிப் பாதை அடைபட்டபோது முதலில் கூலி இழந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் ஊர்சுற்றி என்று வைவதில்லை. சம்பளத்துக்குப் போனால் அது சுற்றுவதாகாது. ஆசைக்குப் போவதுதான் குற்றம்.

மோகனா, விஜயன் இல்லாமல், 2023இல் ஜப்பானுக்குப் போனார். என் கண்ணில் பட்டவரை அந்தப் பயணத்துக்குக் கிடைத்த வரிகள் சில. இது எனக்குப் பழகிய கணக்கு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனோடு நடந்த வழிக்கு நாடுகாண் காதை, காடுகாண் காதை என்று காதை காதையாக இடம் உண்டு. வயல், பறவை, பாம்பு, பிரியும் பாதைகள் எல்லாம் உண்டு. கவுந்தியடிகளும் கூட வருவார். மதுரை எரிந்தபின், கீழ்வாயிலில் கணவனோடு நுழைந்தவள் மேற்கு வாயிலில் தனியே வெளியேறி, வையைக் கரையோடு நடந்து, இரவு பகல் தெரியாமல் மலையேறுகிறாள். அதற்குக் கட்டுரை காதையின் கடைசியில் சில அடிகள். அவள் என்ன பார்த்தாள் என்று இளங்கோ சொல்லவில்லை. மங்கலதேவி மலைதான் அந்தக் குன்றம் என்று நம்புகிற எங்களுக்கு, அந்தச் சில அடிகளுக்குள் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

அந்தப் பகுதியை நான் வகுப்பில் ஒரு மணிநேரம் நடத்துவேன். எந்தக் கரையோடு வந்திருப்பாள், எங்கே ஏறியிருப்பாள் என்று மாணவிகளிடம் கேட்பேன். சித்ரா பௌர்ணமிக்குக் கோயில் திறக்கும் அந்த ஒருநாள் பளியங்குடி வழியாக ஏறியவள் எழுந்து, அதுதான் வழி என்பாள். சுருளிப் பக்கமாகத்தான் என்பாள் இன்னொருத்தி. எந்த வழியும் பார்த்திராத ஒருத்தி, "தண்ணிக்கு என்ன மேடம் பண்ணியிருப்பா?" என்று கேட்பாள்.