எட்டு விநாடிக்காரர்

கொச்சியில் கிளம்பும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு ஏறி, போடிமெட்டில் இறங்கி, போடி, தேனி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் போகிறது. அதன் மேற்கு முனைக்கு அருகில், எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்தில் பிறந்தவர் இந்திய ஹாக்கியின் முன்னாள் கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். 2025 டிசம்பர் 2 அன்று மதுரையின் புதிய ஹாக்கி மைதானத்தில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா 5-0 என்று சுவிட்சர்லாந்தை வென்றபோது, அணியின் பயிற்சியாளரும் அவரே. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற தேனிக்காரர்களான நமக்கு ஹாக்கி கொஞ்சம் அந்நியம்தான். பெரியகுளம் என்றால் கூடைப்பந்து. கம்பம் பள்ளத்தாக்கில் கபடி, வாலிபால். ஹாக்கி மட்டை பிடித்த கைகளைப் பார்க்கக் கோவில்பட்டி வரை போக வேண்டும்.

ஸ்ரீஜேஷ் என்றதும் எல்லோரும் டோக்கியோ ஒலிம்பிக்கைக் காட்டுவார்கள். 2021 ஆகஸ்ட் 5, வெண்கலத்துக்கான ஆட்டம், இந்தியா 5, ஜெர்மனி 4. ஆறு விநாடி மிச்சமிருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். தடுத்தார், கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார், 41 ஆண்டுப் பதக்கப் பஞ்சம் தீர்ந்தது. மறக்க முடியாத படம், மறுக்கவில்லை. ஆனால் பெனால்டி கார்னரில் வளையத்தின் விளிம்பிலிருந்து 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் கோலுக்கு வந்துவிடும். அங்கே வேலை செய்வது பழகிய உடம்பு. கீப்பரின் மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் ஷூட்-அவுட்டைப் பார்க்க வேண்டும்.

விதி எளிது. 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒரே ஒரு ஆட்டக்காரர் பந்தோடு புறப்படுவார். கோல் கோட்டில் கீப்பர். விசில் ஊதியதும் எட்டு விநாடி. அதற்குள் பந்து கோலுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் கதை முடிந்தது. கீப்பர் வேண்டுமென்றே காலை வாரினால் பெனால்டி ஸ்ட்ரோக்.

கபடி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். 'டூ ஆர் டை' ரெய்டில் மூலையில் நிற்கும் டிஃபெண்டர் ஆளைப் பிடிக்கப் பாய மாட்டார், நேரத்தைத் தின்பார். பதற்றம் ரெய்டருக்கு வரட்டும் என்று காத்திருப்பார். ஸ்ரீஜேஷ் செய்ததும் அதுதான். விசில் ஊதியதும் விறுவிறுவென்று முன்னேறி வருவார். எதிராளி நெருங்கியதும் பின்வாங்குவார். விழமாட்டார், கடைசி வரை காலில் நிற்பார். அப்படியே எதிராளியை அவருக்கு வசதியில்லாத பக்கமாக ஓரம்கட்டுவார். ஐந்தாவது விநாடியில் அந்த ஆட்டக்காரருக்குக் கோலை விடக் கடிகாரம் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும்.

2024 பாரிஸ் காலிறுதி இதற்குச் சரியான பாடம். 17-ஆம் நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. பிரிட்டனுக்கு எதிராக மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். 1-1. ஷூட்-அவுட்டில் இந்தியா நான்கையும் போட்டது. பிரிட்டனின் முதல் இருவரும் கோல் அடித்தார்கள். மூன்றாவதாக வந்த கோனர் வில்லியம்சன் பந்தைக் கோலுக்கு மேலே தூக்கி அடித்தார். அடுத்து வந்த ஃபில் ரோப்பரின் பந்தை ஸ்ரீஜேஷ் தடுத்தார். மறுநாள் பேசப்பட்டது ரோப்பர் தடுப்பு. நான் வில்லியம்சன் தவறவிட்டதற்குத்தான் ஸ்ரீஜேஷுக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவேன். பந்து கீப்பர் மேல் படவே இல்லை. ஆனால் இடத்தை அடைத்து, வேறு வழி இல்லாமல் உயரத்தை நாட வைத்தது யார்? புள்ளிவிவரத்தில் அது 'தவறிய அடி' என்றுதான் பதிவாகும். கீப்பரின் கணக்கில் வராது.

ஐஸ் ஹாக்கியில் இதே வேலையை நேர் எதிராகச் செய்தவர் செக் நாட்டு டொமினிக் ஹாஷெக். 1998 நகானோ ஒலிம்பிக் அரையிறுதி ஷூட்-அவுட்டில் கனடாவின் ஐந்து பேரில் ஒருவரையும் கோல் போட விடவில்லை. ஹாஷெக் பனியில் விழுவார், புரளுவார், படுத்தபடி மறிப்பார். அங்கே கோல் 6 அடிக்கு 4 அடிதான், படுத்தாலும் பெரும்பகுதி அடைபடும். நம் ஹாக்கியில் 12 அடிக்கு 7 அடி, பரப்பில் மூன்றரை மடங்கு. இங்கே விழுந்த கீப்பர் தோற்ற கீப்பர்.

இருவருக்கும் பொதுவானது வயது. ஹாஷெக் வட அமெரிக்காவின் பெரிய லீகுக்கு வந்ததே 25 வயதில். நகானோவில் அவருக்கு 33. டோக்கியோவில் ஸ்ரீஜேஷுக்கும் 33. கோல்கீப்பர் தாமதமாகப் பழுக்கிற பயிர் என்பதை நம் தேர்வாளர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை.

ஸ்ரீஜேஷ் விவசாயி மகன். ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று சுற்றிய பையன், 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் கோல் போஸ்ட்டுக்கு வந்தார். பேட், கிக்கர், ஹெல்மெட் வாங்க அப்பா பசுவை விற்ற கதை பலருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான காலம் பிறகு வந்தது. 2006-இல் கொழும்பு தெற்காசிய விளையாட்டில் சீனியர் அணியில் அறிமுகம். அடுத்த ஐந்தாண்டு ஏட்ரியன் டிசோசா, பரத் சேத்ரி ஆகியோர் நிழலில் வருவதும் போவதுமாக இருந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அணி 12-இல் 12-ஆவது. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானை ஷூட்-அவுட்டில் மடக்கியபோதுதான் நாடு பெயரைக் கேட்டது. 2017-இல் முழங்கால் தசைநார் கிழிந்து மாதக்கணக்கில் வெளியே. இவற்றில் எந்த இடத்திலும் அவரை ஓரம்கட்டியிருந்தால் ஏன் என்று கேட்க ஆளிருந்திருக்காது.

அவருடைய பதக்கப் பட்டியலில் ஓர் ஓட்டையும் உண்டு: உலகக் கோப்பைப் பதக்கம் இல்லை. 2023 புவனேஸ்வரில் நியூசிலாந்துடன் 3-3. ஷூட்-அவுட்டில் சில அபாரத் தடுப்புகளுக்குப் பிறகு காயப்பட்டு அவர் வெளியேற, கிருஷன் பதக் நின்றார், இந்தியா தோற்றது. முன்கள வீரர்கள் வாய்ப்பை வீணடித்த நாளில் கீப்பர் எத்தனை விநாடியைத் தின்றும் பயனில்லை.

நம் பள்ளி அணிகளில் கீப்பர் எப்படி உருவாகிறார் என்று பார்த்தால் சங்கடமாக இருக்கும். ஓட முடியாதவன், கடைசியாகப் பெயர் கொடுத்தவன் கோலுக்குப் போவான். தேனியிலிருந்து மதுரை நீல டர்ஃபுக்குப் பஸ்ஸிலேயே போய்த் திரும்பலாம். போடி ரயிலும் இருக்கிறது. இனித் தூரம் ஒரு சாக்கு ஆகாது. கீப்பருக்கு ஒரு முழு செட் பாதுகாப்புக் கவசம், வாரம் ஒருமுறை கீப்பருக்கென்றே தனிப் பயிற்சி, இந்த இரண்டும் இல்லாமல் ஹாக்கி அணி தொடங்குகிற பள்ளி பத்துப் பேர் அணியைத்தான் தொடங்குகிறது.

ஜூனியர் உலகக் கோப்பைக்கு வருகிறேன். சென்னைக் காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2-2. ஷூட்-அவுட்டில் 4-3 என்று காப்பாற்றியவர் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கத் தேவையில்லை. அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று நொறுக்கியது. பிறகு அர்ஜென்டினாவிடம் 0-2 பின்தங்கியிருந்து, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் வென்றார்கள். அரையிறுதியில் வாங்கிய அந்த ஐந்து கோலை வைத்து பிரின்ஸ்தீப்பை எடைபோட ஆரம்பித்துவிட்டார்கள் சிலர். ஸ்ரீஜேஷின் கணக்குப்படி பார்த்தால் அவருக்கான பரீட்சை இன்னும் பல ஆண்டுகள் கழித்துத்தான். அதுவரை அணிக்குள் விட்டுவைப்பார்களா என்பது தேர்வுக்குழுவின் பாடு.